தோட்டங்களுக்கு விற்கப்படும் மாற்ற முகாமைத்துவச் சேவை: எந்தக் கட்டத்துக்குக் காசு கொடுக்கலாம்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இப்போது இப்படியொரு சேவை விலைக்கு வருகிறது. கம்பனியின் ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டத்தை ஆலோசனை நிறுவனமே எழுதிக் கொடுக்கும். அந்தத் திட்டத்தால் வரும் மாற்றங்கள் தோட்டத்தில் நடைமுறைக்கு வரும் வரை கூடவே நிற்கும். கடிதத் தலைப்பில் இதற்கு மூலோபாய மாற்ற முகாமைத்துவம் என்று பெயர். இங்கே மதிப்பிடுவது அப்படியான ஒரு பொதியை. ஒன்பது மாதம், நான்கு கட்டம். ஐந்து டிவிஷனும் (தோட்டப் பிரிவு) சொந்த ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலை) உள்ள ஓர் உயர்நிலத் தோட்டத்துக்காகப் போடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பு வேறு பெயர்களிலும் விற்கப்படுவதால், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் கட்டமான நிலைமை ஆய்வு காசுக்குத் தகும். இரண்டாம் கட்டமான திட்டமிடலில் பாதிதான் தகும். மூன்றாம் கட்டப் பயிற்சியை இப்போதிருக்கும் வடிவில் வாங்கவே வேண்டாம். நான்காம் கட்டப் பின்தொடர்தல் அவசியம். ஆனால் அதன் அளவுகோல்களை மாற்றிக் கேட்க வேண்டும்.

இந்தத் தோட்டத்தில் மூன்று மாற்றங்கள் திட்டத்தில் இருந்தன. கொழுந்து நிறுவையை இலத்திரனியல் தராசுக்கும் செயலிக்கும் மாற்றி, அதைச் சம்பளக் கணக்கோடு இணைப்பது முதலாவது. தேயிலை மலையில் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் வருமானப் பகிர்வு முறைக்குக் கொண்டுவருவது இரண்டாவது. மூன்றாவது ஸ்டோரில் வாட்டு மேடைகளின் (கொழுந்தைக் காற்றில் வாடவைக்கும் இடம்) விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டுவது.

நிலைமை ஆய்வில் நல்லதாக நடந்தது ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் ஆபிஸில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டுவதோடு நிறுத்தவில்லை. காலை, மதியம், மாலை என்று மூன்று நிறுவைக்கும் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நின்றார்கள். ஒரு ஆள் வரிசையில் நிற்கும் நேரம், கூடை தராசில் ஏறி இறங்கும் நேரம், கணக்கப்பிள்ளை எழுதும் நேரம் மூன்றையும் தனித்தனியாகப் பதிந்தார்கள். இந்த அளவீடு இல்லாமல் புதிய தராசு வரிசையைக் குறைத்ததா கூட்டியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சேவை வாங்குபவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்: குறைந்தது இரண்டு டிவிஷனில், கொழுந்து கூடின வாரத்தில் ஒரு தடவையும் குறைந்த வாரத்தில் ஒரு தடவையும்.

பலவீனம் நேர்காணலில். வேலை நேரத்தில், ஸ்டோர் ஆபிஸில், சின்னத் தொரை (உதவித் தோட்ட முகாமையாளர்) அடுத்த அறையில் இருக்கும்போது பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டால் “எல்லாம் நல்லம் சார்” என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை வைத்து அறிக்கையில் “ஊழியர் ஆதரவு உயர்வாக உள்ளது” என்று எழுதியிருந்தார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் உண்மையைக் கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக் காம்பராவிலோ (பிள்ளை பராமரிப்பு நிலையம்) கோயில் மண்டபத்திலோ, கங்காணி இல்லாமல், எட்டுப் பத்துப் பேராக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர் தமிழ் பேசுபவராக, முடிந்தால் பெண்ணாக, இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றால் ஒரு மணி நேரப் பேச்சில் பாதி அவரிடமே நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தின் பெறுமதியான வெளியீடு பாதிப்பு அட்டவணை. ஒவ்வொரு பதவியிலும் இருப்பவர் இந்த மாற்றத்தால் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார் என்று எழுதுவது. குர்ட் லெவின் சொன்ன விசைப்புல ஆய்வைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள்: மாற்றத்தை முன்னே தள்ளும் விசைகள் ஒரு பக்கம், பின்னே இழுக்கும் விசைகள் மறுபக்கம். தள்ளுவதைக் கூட்டுவதைவிட இழுப்பதைக் குறைப்பது பலன் தரும் என்பது அதன் சாரம். தோட்டத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. பெரிய தொரை (தோட்ட முகாமையாளர்) எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும், இழப்பவர் யார் என்று பார்த்து அந்த இழப்பைச் சரிசெய்யாவிட்டால் வேலை நகராது.

ஆனால் அட்டவணையை நிரப்பியதில் இரண்டு பெரிய ஓட்டைகள். முதலாவது கங்காணியும் கணக்கப்பிள்ளையும். நிறுவையை எழுதும் கை யாருடையதோ அவருக்குத்தான் மலையில் மரியாதை. ஈரக் கொழுந்துக்கு எத்தனை கிலோ வெட்டுவது, முற்றின இலைக்கு எவ்வளவு கழிப்பது, யாருக்கு அரைப் பெயர் (அரைநாட் சம்பளம்) என்ற தீர்மானங்கள் அந்தக் கையில் இருக்கின்றன. தராசு தானாகப் பதிந்தால் அந்த அதிகாரம் ஒரே நாளில் போய்விடும். அறிக்கையோ இவர்களை “பயிற்சி தேவைப்படுவோர்” என்ற வரிசையில் மட்டும் போட்டிருந்தது. இவர்களுக்குப் புதிய பொறுப்பு ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். இலையின் தரத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே திருத்துவது, செடி இல்லாமல் விட்டுப்போன இடங்களைக் கணக்கெடுப்பது, கொழுந்தெடுக்கும் சுற்று நாள் தவறாமல் பார்ப்பது ஆகியவை உண்மையிலேயே ஆள் இல்லாமல் கிடக்கும் வேலைகள். அதற்கு ஒரு கொடுப்பனவும் வேண்டும்.

இரண்டாவது ஓட்டை தொழிற்சங்கம். சங்கம் எதிர்க்கும், பேசிச் சமாளிக்க வேண்டும் என்ற அளவில் விட்டுவிட்டார்கள். ஏன் எதிர்க்கும் என்று பார்க்கவில்லை. சந்தா சம்பளத்திலிருந்து கழித்துத்தான் சங்கத்துக்குப் போகிறது. ஒரு குடும்பம் முழுவதாக வருமானப் பகிர்வுக்குப் போனால் செக்ரோலில் (சம்பளப் பதிவேடு) பெயர் இருக்காது, சந்தாவும் கழியாது. நிறுவைச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் தோட்டக் கமிட்டித் தலைவரின் அன்றாட வேலை. தராசு மாறினால் அதுவும் குறையும். இதைத் தெரிந்துகொண்டு முதல் மாதமே மாவட்டத் தலைவரோடும் கமிட்டியோடும் உட்கார்ந்து, முறைப்பாட்டுக் குழுவில் அவர்களுக்கு இடம் எழுதிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் இல்லை. திட்டம் முடிந்த பிறகு கூட்டிச் சொன்னால் அது அறிவித்தல்தான். கலந்தாலோசனை என்று யாரும் எடுக்கமாட்டார்கள்.

தோட்டத்து ஆட்கள் மேலிருந்து வரும் மாற்றங்களை நிறையப் பார்த்தவர்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் முகாமைத்துவம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி வர்த்தமானி வந்தது, நவம்பருக்குள் கைவிடப்பட்டது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ. அடுத்த ஆண்டு 25 கோடி அளவுக்கு இறங்கியது. உரம் காணாத மலையில் நியமக் கிலோவை (முழுநாட் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய அளவு) எட்ட முடியாமல் அரைப் பெயர் வாங்கியவர்களுக்கு அது நேற்று நடந்தது மாதிரி. அபிவிருத்தி என்ற சொல்லோடு யார் வந்தாலும் “எங்க சம்பளத்துல என்ன குறையும்?” என்று முதலில் கேட்பது இதனால்தான். நிலைமை ஆய்வு அந்தக் கேள்விக்கு ரூபாவில் பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இனி இரண்டாம் கட்டம். திட்ட ஆவணம் அழகாக இருக்கிறது. நோக்குக் கூற்று, இலக்குகள், பொறுப்பாளர் பட்டியல் எல்லாம் உண்டு. காலக்கணிப்புத்தான் பிழை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதற்காகப் புதிய நிறுவையையும் ஏப்ரலில் தொடங்கப் போட்டிருந்தார்கள். டிம்புள்ள, டிக்கோயா பக்கம் ஏப்ரல், மே மாதங்களில்தான் கொழுந்து வெள்ளமாக வரும். மடுவத்தில் வரிசை நீளும். லொறி காத்து நிற்கும். ஒரு கூடைக்கு அரை நிமிடம் கூடினாலும் சத்தம் கிளம்பும். ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை. ஈரக் கொழுந்துக் கழிவு பற்றிய சண்டை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் முற்பணக் கணக்கு ஓடும்; அப்போதும் சம்பள முறையில் கை வைக்கக்கூடாது.

டிம்புள்ள, டிக்கோயா போன்ற மேற்குப் பக்கத் தோட்டத்துக்குப் பொருந்தும் காலம் தைப்பொங்கல் முடிந்த கையோடு வருவது. வறட்சியால் கொழுந்து குறைவு, வரிசை சிறிது, தராசைப் பழக நேரம் உண்டு. ஆனால் அதே வறட்சியால் கிலோவும் குறையும்; ஆட்களின் கையில் வரும் காசும் குறையும்; பழி புதிய தராசின் மேல் விழும். ஆகவே ஜனவரி கடைசியில் தொடங்கும்போது பழைய தராசின் கணக்கில்தான் சம்பளம் போட வேண்டும். புதிய தராசு பக்கத்தில் ஓடட்டும். நியமக் கிலோ, மேலதிகக் கிலோ விலை இரண்டையும் அந்தக் காலத்தில் தொடவே கூடாது. ஊவாப் பக்கத் தோட்டங்களுக்கு மழையும் பருவமும் வேறு. அவற்றுக்குத் தனி நாட்காட்டி போட வேண்டும். கம்பனி முழுவதற்கும் ஒரே திகதி என்று ஆவணத்தில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டு தராசும் சேர்ந்து ஓடும் இந்தக் காலம் முழுச் சேவையிலும் மிக முக்கியமான பகுதி. ஆவணத்தில் அதற்கு ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். இரண்டு முழுச் சம்பள மாதம் வேண்டும். காரணம் பழைய முள் தராசிலேயே இருக்கிறது. கூடை 11 கிலோ 700 கிராம் காட்டினால் கணக்கப்பிள்ளை 11 என்று எழுதுவார். ஒரு நிறுவையில் சராசரியாக அரைக் கிலோ இப்படிப் போகிறது என்று வைத்தால், நாளுக்கு மூன்று நிறுவையில் ஒன்றரைக் கிலோ. மாதம் 24 பெயர் (வேலை நாள்) என்றால் ஓர் ஆளுக்கு 36 கிலோ. அந்த 36 கிலோவும் ஸ்டோருக்குப் போய்த் தேயிலையாகிறது. 100 கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தேயிலை என்ற கணக்கில் அது டீ மேக்கரின் (ஸ்டோரில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) விளைவு வீதத்தை அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது. இலத்திரனியல் தராசு 100 கிராம் வரை பதிந்தவுடன் மலை நிறுவை கூடுகிறது, ஸ்டோர் நிறுவை அப்படியே இருக்கிறது, மேலதிகக் கிலோச் செலவு உயர்கிறது, விளைவு வீதம் இறங்குகிறது. தலைமை அலுவலகம் உடனே தராசைச் சந்தேகிக்கும். அல்லது நியமத்தைக் கூட்டச் சொல்லும். அந்த இடத்தில் மாற்றம் செத்துவிடும். இந்தச் செலவைத் திட்டத்தின் வரவுசெலவில் முன்கூட்டியே காட்டியிருந்தால் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. இவர்கள் காட்டவில்லை. இந்தப் பொதியில் நாம் கண்ட மிகப் பெரிய தொழில்நுட்பக் குறை இதுதான்.

சேர்ந்து ஓடும் காலத்தில் செய்ய வேண்டியது இப்படி. ஒவ்வொரு கூடையையும் இரண்டு தராசிலும் நிறுக்க வேண்டும். அன்றன்று மாலை ஆள்வாரியாக வித்தியாசத்தை எடுத்து, அடுத்த நாள் காலை பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) தமிழில் ஒட்ட வேண்டும். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது மேற்சொன்ன கிராம்கள். ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்தால் கூடை எடையைப் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்த மறந்திருப்பார்கள். ஒரே ஒரு மடுவத்தில் மட்டும் வித்தியாசம் என்றால் தராசு தொங்கும் சட்டம் சாய்ந்திருக்கும். சரிவில் கட்டிய மடுவங்களில் இது அடிக்கடி நடப்பது. தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கும்படி காட்டுங்கள். கமிட்டித் தலைவர் கையில் ஒரு 10 கிலோ சோதனைப் படிக்கல் இருந்து, நிறுவை தொடங்குமுன் அவரே தொங்கவிட்டுப் பார்த்தால், ஆயிரம் விளக்கக் கூட்டத்தைவிட அது வேலை செய்யும்.

ஈரத்துக்கான கழிவை அட்டவணையாக எழுதி மடுவச் சுவரில் மாட்ட வேண்டும்: சாரலுக்கு இவ்வளவு, விடாத மழைக்கு இவ்வளவு, வெயிலுக்கு ஒன்றும் இல்லை. செயலியிலும் அந்த மூன்று தெரிவு மட்டும் இருக்கட்டும். நிறுப்பவர் தன் விருப்பப்படி எண்ணைப் போடும் கட்டம் அதில் இருந்தால் பழைய வெட்டு புதிய கருவிக்குள் குடியேறிவிடும். இவர்கள் கொடுத்த செயலியில் அந்தக் கட்டம் திறந்தே இருந்தது. பூட்டச் சொல்லிக் கேட்டால் பூட்டித் தருகிறார்கள். கேட்கத் தெரிய வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளத்து மடுவங்களில் சிக்னல் இல்லை. வலையமைப்பு இல்லாமலே பதிந்துவைத்து, ஸ்டோருக்கு வந்ததும் அனுப்பும் வசதி கட்டாயம். சுடுதாள் ரசீது ஈரக் கையில் மங்கிப்போகிறது. அதைவிட மாலையில் ஆளின் தொலைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியும் பெரட்டுக்களத்தில் ஒரு பட்டியலும் போதும். மின்கலம் ஒரு முழுநாள் தாங்கினாலும் மாற்று ஒன்று லொறியில் இருக்கட்டும்.

அதிக நாள் இழுத்ததும் பொதியில் சேர்க்கப்படாததும் பெயர்ப் பதிவு. ஒரே டிவிஷனில் மூன்று ஈஸ்வரி, நான்கு லெட்சுமி இருப்பார்கள். செக்ரோலில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் இன்னொன்று, ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் எழுத்து மாறிய மூன்றாவது. செயலிக்குள் ஆட்களை ஏற்றும்போது எந்தப் பெயரை எடுப்பது என்று ஆலோசகர்கள் கேட்கவே இல்லை. செக்ரோலை அப்படியே ஏற்றிவிட்டார்கள். பின்னாளில் சேமலாப நிதி எடுக்கப் போகும்போது இந்த வித்தியாசத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள் ஒவ்வொரு லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) உண்டு. புதிய முறை அந்தப் பிழையை நிரந்தரமாக்கும் இடமாகவும் இருக்கலாம், தீர்க்கும் இடமாகவும் இருக்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு, முரண்பாடுகளைத் தனிப் பட்டியலாக்கி, திருத்தத்துக்கு விண்ணப்பிக்க உதவும் வேலையைப் பொதிக்குள் சேர்த்துக் கேளுங்கள். ஒரு டிவிஷனுக்கு ஒரு எழுதுவினைஞரை இதற்கென்றே விட வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் கம்பனி தங்களுக்காக ஒன்று செய்கிறது என்று ஆட்கள் கண்ணால் காணும் முதல் வேலை அதுவாக இருக்கும்.

வருமானப் பகிர்வுப் பகுதியைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். திட்டத்தில் குடும்பத்துக்கு 1,500 செடி, அதிலிருந்து குடும்பத்தின் மாத வருமானம் என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹெக்டெயருக்கு 12,500 செடி என்றால் 1,500 செடி 0.12 ஹெக்டெயர். ஹெக்டெயருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோ தேயிலை தரும் மலை என்று வைத்தால் அந்தத் துண்டுக்கு 180 கிலோ தேயிலை. விளைவு வீதம் 21.5 என்றால் ஏறத்தாழ 837 கிலோ கொழுந்து. மாதத்துக்கு 70 கிலோ. நாளுக்கு 18 கிலோ எடுப்பவருக்கு அது நான்கு நாள் வேலை. கொழுந்துக்குக் கிலோ 100 ரூபா கொடுத்தாலும் மாதம் ஏழாயிரம் ரூபாவைத் தொடாது. நாட்பெயரோடு (நாட்சம்பள வேலை) சேர்ந்து வரும் மேல்வருமானம் என்றால் நல்லது. நாட்பெயருக்குப் பதில் என்றால் குடும்பம் பட்டினி. இந்த இரண்டில் எது என்று ஆவணம் தெளிவாகச் சொல்லவில்லை. முழுநாள் வேலைக்கு ஈடாக்க அதுபோல ஐந்தாறு மடங்கு செடி வேண்டும். அப்போது களை, மருந்து, உரம் என்று வேறு கணக்கு வரும்.

கிலோ விலையை எதோடு ஒப்பிடுவது? 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சேமலாப நிதிக்குக் கம்பனி கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் சேர்ந்தால் 1,552 ரூபா 50 சதம். 18 கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு 86 ரூபா சொச்சம், கொழுந்தெடுக்கும் கூலி மட்டும். சம்பளம் மாறும்போது எண்ணை மாற்றிக்கொள்ளலாம், முறை அதேதான். மறுபக்கம், சிறுதோட்ட உரிமையாளருக்கான விலைச் சூத்திரத்தில் விற்பனைப் பணத்தில் 68 வீதம் கொழுந்து கொடுப்பவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. ஏலத்தில் கிலோ 1,200 ரூபா போகும் தேயிலைக்கு அந்தக் கணக்கில் கொழுந்து கிலோ 175 ரூபா வரும். ஆனால் சிறுதோட்டக்காரர் உரமும் பராமரிப்பும் தன் செலவில் செய்கிறார். ஆகவே தோட்டக் குடும்பத்துக்கான நியாய விலை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே இடத்தைத் தீர்மானிக்கும். இந்த ஒரு பக்கக் கணக்கை ஆலோசகர்கள் தமிழில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்திருந்தால் மூன்று விளக்கக் கூட்டங்கள் மிச்சம்.

இதில் மறக்கப்படுவது கவ்வாத்து. உயர்நிலத்தில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை வெட்டினால் சில மாதங்களுக்குக் கொழுந்து இல்லை. ஒரு குடும்பத்தின் செடி முழுவதும் ஒரே மலையில், ஒரே கவ்வாத்து வருடத்தில் இருந்தால் அந்த வருடம் வருமானம் அறுந்துபோகும். ஆகவே இரண்டு வேறு கவ்வாத்து வருட மலைகளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். அல்லது வெட்டின மாதங்களுக்கு நாட்பெயர் உறுதி என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். செடி விட்டுப்போன இடங்கள், பாதையிலிருந்து தூரம், சரிவு ஆகியவற்றைப் பார்த்து மலைகளை மூன்று தரமாகப் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்க வேண்டும். கங்காணியின் சொந்தக்காரருக்குப் பாதையோரத்து மலை கிடைத்தது என்ற பேச்சு ஒருதரம் கிளம்பினால் அடங்காது.

சேவைக்காலம் என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. வருமானப் பகிர்வுக்குப் போகும் ஆள் தொழிலாளியாகவே தொடர்கிறாரா, அன்றோடு சேவை முடிகிறதா? தொடர்கிறார் என்றால் பகிர்வுப் பணத்துக்கும் சேமலாப நிதி கட்டப்படுமா? ஆலோசகரின் ஒப்பந்த மாதிரியில் இந்த இடம் வெறுமையாக இருந்தது. தொழில் சட்டம் தெரிந்த ஒருவரின் கையொப்பம் இல்லாமல் இந்த மாதிரியைப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு வாரமாவது விட வேண்டும்.

மூன்றாம் கட்டம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பட்டறை. தொரைமாரும் ஆபிஸ் உத்தியோகத்தரும் போனார்கள். விளையாட்டு, குழு வேலை, சான்றிதழ். மடுவத்தில் தராசைத் தொடப்போகும் ஒருவர்கூட அங்கே இல்லை. அந்தக் காசுக்கு ஒவ்வொரு மடுவத்திலும் 12 பேர் கொண்ட தொகுதிகளாக, 40 நிமிடம், கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கியிருக்கலாம். கூடவே டிவிஷனுக்கு இரண்டு இளைஞர் யுவதிகளை, சாதாரணதரமோ உயர்தரமோ படித்துவிட்டு லயத்தில் இருப்பவர்களை, சம்பளத்துக்கு எடுத்து உதவியாளராக்கலாம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக இருந்த பிள்ளைக்குத் தோட்டத்திலேயே கணினி சார்ந்த ஒரு வேலை என்பதைக் காட்டும்போது தாய்மாரின் பார்வையும் மாறும். அபிவிருத்தித் திட்டம் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான செலவு நமக்குத் தோன்றவில்லை.

ஸ்டோர் பகுதி அளவில் சிறியது. விசிறி வேகக் கட்டுப்பாடு நல்ல கருவி. 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும் வாட்டலில் மின்கட்டணம் குறையும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இரவு முறைக்காரருக்கு எந்த ஈரப்பதத்தில் எந்த வேகம் என்ற அட்டவணை கொடுக்கப்படவில்லை. வாட்டு கெட்டால் திட்டு வாங்குவது அவர். ஆகவே அவர் கட்டுப்பாட்டைத் தாண்டி முழு வேகத்திலேயே ஓட்டினார். டீ மேக்கரை இந்தப் பகுதியின் பொறுப்பாளராக்கி, அவரே இரண்டு வாரம் சோதித்து அட்டவணையை எழுதியிருந்தால் தீர்ந்தது.

நான்காம் கட்டத்தில் மாதாந்த அறிக்கை வருகிறது. பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை, செயலியில் பதிந்த நிறுவைகள், திருப்தி மதிப்பெண் என்று பச்சை நிறத்தில் நிறைய இருக்கும். இவற்றுக்குப் பதில் நான்கு எண்களைக் கேளுங்கள்: நிறுவைக்குப் பின் கையால் திருத்தப்பட்ட பதிவுகள் எத்தனை, யாருடைய கணக்கிலிருந்து; மடுவ வரிசையில் சராசரி நேரம், ஆய்வில் அளந்ததோடு ஒப்பிட்டு; சம்பள நாளுக்குப் பிந்திய மூன்று நாளில் ஆபிஸுக்கு வந்த முறைப்பாடுகள்; வேலைக்கு வந்தோர் எண்ணிக்கை, டிவிஷன்வாரியாக. முதல் எண் ஏறினால் பழைய பழக்கம் திரும்புகிறது. நான்காவது இறங்கினால் ஆட்கள் வெளித் தோட்டத்தில் கைக்காசுக்குப் போகிறார்கள்.

பெரிய தொரை இடையில் மாறிப்போவதையும் ஒப்பந்தத்தில் கணக்கில் எடுங்கள். புதியவர் வந்ததும் தன் முறையைக் கொண்டுவருவார். ஒன்பது மாதத் திட்டத்தில் இது நடக்கக்கூடியதுதான். எடுத்த தீர்மானங்களையும் அவற்றின் காரணங்களையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பதும், இருவரும் இரண்டு வாரமாவது சேர்ந்திருந்து கைமாற்றுவதும் கம்பனி ஒப்புக்கொள்ள வேண்டிய நிபந்தனைகள். ஆலோசகரால் இதைக் கட்டாயப்படுத்த முடியாது. நல்ல ஆலோசகர் முதல் நாளே கேட்பார்.

கட்டணம் டிவிஷன் எண்ணிக்கையைப் பொறுத்தது, பேசிக் குறைக்கலாம். குறைப்பதைவிட, கொடுக்கும் முறையை மாற்றுங்கள். இவர்கள் பாதியை முன்பணமாகவும் மீதியைத் திட்ட ஆவணம் ஒப்படைக்கும் அன்றும் கேட்கிறார்கள். ஆவணத்துக்கு முழுக்காசும் போய்விட்டால் மடுவத்தில் நிற்க யாருக்கும் அவசரம் இருக்காது. ஐந்தில் ஒரு பங்கையாவது, புதிய நிறுவையில் போட்ட இரண்டாவது மாதச் சம்பளம் முடியும் வரை நிறுத்திவையுங்கள். ஆலோசகர்கள் மடுவத்தில் நிற்கும் நாட்களை எண்ணிக்கையாகவே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆபிஸ் நாள், கொழும்பு நாள் அதில் சேராது. கடைசியாக, நிறுவைத் தரவும் சம்பளச் சூத்திரமும் தோட்டத்துக்குச் சொந்தம் என்றும், சேவை முடியும் நாளில் கடவுச்சொற்களோடு திறந்து படிக்கக்கூடிய கோப்பாக ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இந்தப் பொதியின் மாதிரி ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. கேட்டால் மறுக்கவும் இல்லை.